பானை அடியில் இருந்த தேதி

மார்ச் 15, திங்கள்
வெயில் இப்பவே தாங்கலை. நான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்பில் ஏழு பிள்ளைகளுக்கு அம்மை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கூடத்தில் ஒரு மண்பானை. மேலே வளைந்த குழாய், வயிறு முழுக்க ஒரு ஆம்பளை மூஞ்சி. கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறான். மத்தியானம் ஒரு கப்பல்காரன் வந்து, உங்க மகன் அனுப்பினது என்று அத்தையிடம் கொடுத்தானாம். கடுதாசி இல்லை.

ஐந்து மாசமாக என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வரி இல்லை. அவர் போன கப்பல் அக்டோபரில் சண்டையில் மூழ்கியது, ஆட்களைப் பற்றித் தகவல் இல்லை என்று ஆபீஸ் கடுதாசி வந்ததோடு சரி. கப்பலில் சமையல்காரர் அவர். நீந்தத் தெரியாது.

பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரி மாதிரி.

மார்ச் 16, செவ்வாய்
பள்ளிக்கூடம் முடிந்து நேரே சைதாப்பேட்டை. நேற்று வந்த கப்பல்காரன் ஆற்றோரம் தன் அக்கா வீட்டில் இருக்கிறான். நல்ல மனுஷன். பானை பம்பாயில் கைமாறி வந்ததாம். இவர் எப்போது வாங்கினார், யாரிடம் கொடுத்தார், ஒன்றும் தெரியாது. கிளம்பும்போது சொன்னான்:

"அடியில தேதி, ஊரு எல்லாம் எயுதிக்கீதுன்னு பம்பாய்க்காரன் சொன்னாம்மா. பாக்கலியா நீ? எனக்குப் படிப்பு கெடையாது."

ஓடி வந்து கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, சுத்தம். கப்பல் அழுக்கு, மீன் நாத்தம் என்று நேற்று நான் வருவதற்குள் அத்தை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். அடியில் ஊதாவாக ஏதோ கறையாம். விடவே இல்லையாம், தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தாளாம்.

மை பென்சில். எச்சில் தொட்டு எழுதுவாரே, அதே மை பென்சில்.

கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அத்தை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். திருப்பித் திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 17, புதன்
பங்குச் சுவாமியார் வந்தார். கடலில் போனவர்களுக்காகச் சனிக்கிழமை காலை இறந்தோர் பூசை. பெயரை வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் தாலியைக் கழற்றணும். அக்டோபருக்கு அப்புறம் உயிரோடு இருந்தார் என்று ஒரு துண்டு அத்தாட்சி காட்டு, பெயரை எழுத மாட்டேன் என்றார். அத்தாட்சி எங்கள் வீட்டுச் சாக்கடையில் போயிற்று. சொல்லவில்லை.

அத்தை இன்றும் சாப்பிடவில்லை. கிழங்கு வெந்து குழைந்துவிட்டது.

மார்ச் 18, வியாழன்
அரை நாள் லீவு. பானையைப் பழஞ்சேலையில் சுற்றி, பிரம்புக் கூடையில் வைத்து, டிராமில் செத்த காலேஜுக்கு. மியூசியம் என்றால் இந்த ஊரில் யாருக்குத் தெரிகிறது? "இன்னாம்மா, கோழியா?" என்றான் கண்டக்டர்.

பாதி அறை காலி. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து சாமான்களை வெளியூர் அனுப்பிவிட்டார்களாம். திருநெல்வேலிப் பக்கம் தோண்டி எடுத்த தாழிகள் மட்டும் வரிசையாக. செத்தவர்களை மடக்கி உள்ளே வைத்தவை. அவர்கள் வீட்டுப் பொம்பளைகளுக்காவது வைக்க உடம்பு கிடைத்ததே என்று நினைத்தேன். பொறாமை. இந்த நிலைக்கு வந்துவிட்டேன்.

அங்கே ஒரு அதிகாரி, மயிலாப்பூர் ஐயர். பானையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். பெரிய புத்தகம் எடுத்து வந்து படத்தோடு ஒத்துப் பார்த்தார். பெரு தேசம். தென்னமெரிக்காக் கடலோரம். கொலம்பஸ் போவதற்கு எழுநூறு எண்ணூறு வருஷம் முந்தியது. பிரேதத்தோடு புதைக்கிற பானை. யாரோ நிஜ ஆளைப் பார்த்துச் செய்த மூஞ்சியாம். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் இதை எந்த மாசம் வாங்கினார் என்று கேட்டேன். முழித்தார். எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே. ஜன்னலண்டை கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்து அடியைப் பார்த்தார். கால் மணி நேரம் பார்த்திருப்பார்.

"எந்த நூற்றாண்டுன்னு கேளுங்கோ, சொல்லிடுவேன். எந்த மாசம்னா என்னால ஆகாதும்மா."

காபி வரவழைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தை அடுப்பங்கரையில், கை விரல்களையே பார்த்துக்கொண்டு. என்ன சொன்னார்கள் என்று கேட்கக்கூட இல்லை. கண்ணாடி வைத்துப் பார்த்ததில் எழுத்து தெரிந்தது, நவம்பர் ஏழு என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது.

எழுந்துபோய்க் கை கழுவினாள். தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மார்ச் 19, வெள்ளி
சூசையப்பர் திருநாள். சுவாமியாரிடமும் அதையே சொன்னேன். கோயிலுக்குள் நின்று பொய். ஆண்டவருக்குத் தோத்திரம் என்று சொல்லி அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயர் எழுதவில்லை. தாலி இருக்கிறது, கனக்கிறது.

அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். குப்பம் வரைக்கும்.

மார்ச் 20, சனி
பூசை மணி அடித்தது. போகவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை.

எட்டு மணிக்குக் குப்பத்து செசிலி அக்கா. அவள் மகனும் அதே கப்பல், இவருக்குப் பாத்திரம் கழுவினவன். மகன் பெயரைப் புதன்கிழமையே கொடுத்திருந்தாளாம். நேற்று ஓடிப்போய்ப் பெயரை அடித்துவிடச் சொன்னாளாம்.

"டீச்சரம்மா, எம்புள்ள உங்க வூட்டுக்காரர வுட்டு நவுரவே மாட்டான். அவரு நவம்பர்ல இருந்தாருன்னா இவனும் இருந்திருப்பான்ல?"

என் பின்னால் அத்தை. இருந்திருப்பான் அக்கா என்றேன்.

எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றாள். படிக்கத் தெரியாது அவளுக்கு. கவிழ்த்துக் காட்டினேன். தலையிலிருந்து முக்காட்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, அந்த வெறும் மண்ணில் உதடு வைத்து முத்தி செய்தாள்.