இன்ஜின் தட்டலும் உன் முந்தானையும்

பட்டறை வாசலில் மீன் நாற்றம் இன்னும் போகவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டேன். ஐஸ் உருகி வடிந்த தண்ணீர் டீசலோடு கலந்து மண்ணில் ஊறிக் கிடக்கிறது. நீ உயிரோடு இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது பட்டறையா, மீன் சந்தையா?" என்று கேட்டிருப்பாய். இந்த நாற்றத்தை வாசலுக்கு இழுத்து வந்தது என் பொய்தான். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கோட்டைப்பட்டினத்து மீன் லாரி, அதே கிழட்டு வண்டி, போன வாரம் வந்தது. லோடு ஏற்றினால் இழுவை இல்லை, இன்ஜின் தட்டுகிறது என்றான் டிரைவர். அந்தத் தட்டல் என் காதில் விழுந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. காது போன மெக்கானிக்கிடம் எவன் வண்டியை விடுவான் என்று, உன்னைத் தவிர ஒருவரிடமும் நான் மூச்சு விட்டதில்லை.

நீ சாப்பாட்டுக் கேரியரோடு வரும் நேரம் பார்த்துத்தான் அந்த வேலையில் கை வைப்பேன். இன்ஜினை ஓடவிட்டு டீசல் பைப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவேன். எதைத் தளர்த்தும்போது தட்டல் நிற்கிறதோ, அதிலிருந்து டீசலைப் பீய்ச்சும் நாசிலில்தான் கோளாறு. அந்த இடம் வந்ததும் நீ முந்தானையை இழுத்துத் தோளில் போடுவாய். நான் பெரிய இவன் மாதிரி, "இதுதான்" என்பேன். "அண்ணன் காது தங்கக் காது" என்பார்கள். "இவதான் கேட்டுச் சொன்னா" என்று ஒரு தடவையாவது என் வாயில் வந்ததா? வீட்டுக்கு வந்த பிறகாவது உன்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னேனா? குழம்பில் உப்பு குறைச்சல் என்று சொல்ல மட்டும் தெரிந்தது.

போன வாரம் பைப்பைத் தளர்த்திவிட்டு, பழக்கதோஷத்தில் நீ நிற்கும் பக்கம் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வாய்க்கு வந்த நாசிலைச் சொல்லி, மாற்றியும் கொடுத்துவிட்டேன்.

நேற்று கீரனூருக்கு மீன் ஏற்றிப் போன அதே வண்டி, ஆவுடையார்கோவில் தாண்டுவதற்குள் திணறித் திணறி என் வாசலில் வந்து நின்றது. பின்னால் ஐஸ் ஒழுகிக்கொண்டிருந்தது. டிரைவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"தம்பி, எனக்குக் காது சரியாக் கேக்காதுப்பா. நான் ஒவ்வொன்னாத் தளத்துறேன். தட்டுறது எதுல நிக்கிதுன்னு நீ சொல்லு."

அவன் குனிந்து காது கொடுத்துக் கேட்டான். "எதுலயும் நிக்கலைண்ணே. எல்லாத்துலயும் தட்டுது."

அப்படியென்றால் நாசில் இல்லை, டீசல் வரத்திலேயே பிரஷர் இல்லை. ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் நுரை நுரையாகக் காற்று வந்தது. டேங்கிலிருந்து வரும் ஹோஸில் விரிசல். அதை மாற்றிக் காற்றை எடுத்ததும், தட்டல் நின்றுவிட்டதை அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல வேளை, மீன் கெடவில்லை.

"இத்தனை நாளும் அவதான் கேட்டுச் சொல்லுவா" என்றேன். தலை நிமிரவில்லை.

"தெரியும்ணே. மதினி சாப்பாடு கொண்டார நேரம் பாத்துத்தான நாங்களும் வண்டிய விடுவோம். 'அவுகளுக்குத் தெரியிற மாதிரி காட்டிக்கிறாதீங்க, மனசு சங்கடப்படும்'னு மதினிதான் சொல்லி வச்சிருந்துச்சு."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. என் மானத்தை நீ ஊரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாய்.

இன்று காலை வந்த டிராக்டர்காரரிடம், அவர் சாவியை நீட்டும்போதே சொல்லிவிட்டேன்: "எனக்குக் காது கேக்காதுங்க. இத்தனை நாளும் என் வீட்டுக்காரிதான் கேட்டுச் சொன்னா." இனி வருகிற எல்லோரிடமும் சொல்வேன். நீ பக்கத்தில் நிற்கும்போது சொல்லியிருக்க வேண்டியது அது.