நாற்பது நொடியில் ஒரு செருப்பு

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவின் ஒற்றைச் செருப்புக்கு வார் மாற்றத் திண்டிவனம் போனேன். கடை பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் சகாயராஜ் ஆஸ்பத்திரி முகாமுக்குப் போய்விடுவாராம், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சொன்னார்கள். இரண்டு வருடமாகப் போய் வருகிறேன், எனக்கே தெரியாது.

படியில் பெருமுக்கல் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு, கட்டில் ஈரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். "எந்நேரமும் தொறந்திருக்கும்னு போட்டிருக்காம். எம் பையன் போன்ல பாத்து சொன்னான்" என்றார். என்னவோ தப்பு அவருடையது போல.

சர்க்கரையால் உணர்ச்சி செத்த கால்களுக்கென்றே செருப்பு செய்பவர், எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் இவர் ஒருவர்தான். அந்தக் கால்களுக்கு ஒவ்வொரு வீண் நடையும் ஒரு புண். பூட்டிய கதவுக்கு அவர்களை நடத்திக் கூட்டிவருகிறது கடையின் இணையதளம்.

விழுப்புரம் திரும்பியதும் அதைத் திறந்து பார்த்தேன். கடற்கரை மணலில் ஒரு வெள்ளைக்காரியின் பாதம். பிறகு இன்னொரு பாதம், பிறகு பூ. பின்னணியில் வீணை. 'பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்' என்று ஓர் எண் தானாக ஏறுகிறது. எல்லாம் ஆங்கிலம். வரைபடத்தில் முள் குத்தியிருப்பது ஒரு ஸ்வீட் ஸ்டாலில் — சர்க்கரைக்காரர்களை அனுப்பத் தோதான இடம்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் புண் வந்தபோது நானும் தேடினேன். இதே பக்கம்தான் வந்தது. ஏதோ அழகு நிலையம் என்று மூடிவிட்டேன். நான்கு மாதம் கழித்து வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.



மார்ச் 6

சகாயராஜிடம் போனில் பேசினேன். தளத்தில் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. பிரேம்குமார் என்ற ஆள் செய்து கொடுத்தானாம். நான் மாற்றித் தருகிறேன் என்றேன். பதினெட்டு வருடம் ஒரு சென்னைக் கம்பெனிக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதியவள், இப்போதும் வீட்டிலிருந்தபடி அதே வேலைதான். "நீங்க படிச்சவங்க மேடம், பாத்து பண்ணுங்க" என்றார். இந்த வாக்கியம் எனக்கு எப்போதும் பிடிப்பதில்லை.

மார்ச் 8, சனி

பிரேம்குமாரின் ஆபீஸ், விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். சுவரில் சிங்கப் படம், 'வெற்றி' என்று எழுதி. வெள்ளைக்காரி பாதம் எதற்கு என்று கேட்டேன். "ஒரு லுக்கு மேடம்." வீணை? "கிளாஸா இருக்கும்." இந்த ஊர் புண்ணுக்கும் அந்தக் காலுக்கும் என்ன சம்பந்தம்? சிரித்தான்.

நான் தாளில் வரைந்து வைத்திருந்ததைக் காட்டினேன். கடை எங்கே, எப்போது திறந்திருக்கும், செருப்பு வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும். மூன்றே கேள்வி, வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து, தமிழ். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு மேடம்."

பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கை கழுவினேன், காரணமில்லாமல்.

மார்ச் 15

நாள் முழுக்கக் கடையில். சகாயராஜ் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியின் செருப்புப் பிரிவில் இருபது வருடம் இருந்தவர். அளவெடுப்பது தினசரித் தாளில்: ஆளை நிற்கவைத்து, பேனாவை நட்டக்குத்தலாகப் பிடித்து, பாதத்தைச் சுற்றிக் கோடு. அடியில் மெத்து ரப்பரை வெட்டி வார் தைப்பது கடையில் வேலை செய்யும் சின்னபொண்ணு. வாயும் கையும் ஒரே வேகம்.

ஆன்லைனில் கேட்பவர்களும் இப்படித் தாளில் வரைந்து படம் அனுப்ப வேண்டும் என்றார் சகாயராஜ். கூட ஒரு ஆள், தாள், ஸ்கேல், பேனா... நடுவிலேயே ஓடிவிடுவார்கள் என்றேன். வழக்கமாக என்ன நம்பர் போடுகிறார்கள் என்று கேட்டால் போதாதா? இன்னொரு முறை சொல்லிப்பார்த்தார். நானும் இன்னொரு முறை மறுத்தேன். அடுத்த ஆளின் காலுக்குத் தாளை விரித்தார்.

சின்னபொண்ணுதான் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "தாளு இல்லாம நான் யாரு காலுக்குக்கா தெக்கிறது, உங்க காலுக்கா?"

சிரித்தோம்.

மார்ச் 21

படிவம் தயார். பெயர், போன், விலாசம், செருப்பு நம்பர். மாடி வீட்டு அருணா, அவள் கணவர், தெருவில் இன்னும் ஆறு பேரிடம் கொடுத்துச் சோதித்தேன். ஒருவரும் தடுமாறவில்லை. சராசரி நாற்பது நொடி.

மார்ச் 23, ஞாயிறு

ஏற்றியாயிற்று. பக்கம் இரண்டு நொடியில் திறக்கிறது. முதல் வரி: 'செவ்வாய்க்கிழமை கடை இல்லை.'

ஏப்ரல் 2

பதினோரு ஆர்டர். பெருமுக்கல்காரரின் மகன் பார்த்துவிட்டு, அவரை இன்று, புதன்கிழமை, கடை வாசலிலேயே ஆட்டோவில் இறக்கியிருக்கிறான். சகாயராஜ் போனில் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. பிரேம்குமாருக்கு லிங்க் அனுப்பினேன். அனுப்பியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 16

வானூர் பக்கத்திலிருந்து பானுப்ரியா என்ற பெண் கடைக்குப் போன் செய்திருக்கிறாள். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்குப் போகிறவள். அம்மா பாஞ்சாலிக்கு எங்கள் தளத்தில் ஆறாம் நம்பர் கேட்டு வாங்கியவள். பதினைந்து நாளில் சுண்டுவிரல் பக்கம் வார் அறுத்துப் புண். அம்மாவுக்குத் தெரியவே இல்லையாம். தரையில் ஈரத் தடம் பார்த்துத்தான். விரல் கறுத்துவிட்டது.

அந்த அம்மா சித்தாள் வேலை. கலவை சுமக்கிற கால்.

ஏப்ரல் 17

கடைக்குப் போனேன். நம்பர் தப்பாகப் போட்டார்களா என்று கேட்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன் — எழுதிவைக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

சகாயராஜ் தலை நிமிராமல் சொன்னார். "உணர்ச்சி இல்லாத காலு மேடம். சரியான அளவுல போட்டா ஒண்ணுமே போடாத மாதிரி இருக்கும், கழண்டு வுழுந்துடுமோன்னு பயம். இறுக்கிப் புடிச்சாதான் போட்டிருக்கோம்னே தெரியும். அதனால எல்லாரும் சின்ன நம்பராதான் சொல்வாங்க. அவங்க பொய் சொல்லல."

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"தாள்ல வரையணும்னு ரெண்டு வாட்டி சொன்னேன் மேடம்."

காரணத்தைச் சொல்லவில்லையே என்று கேட்க வாய் வந்தது. நான்தான் கேட்கவில்லை. எட்டுப் பேரிடம் சோதித்தேன், எட்டுப் பேருக்கும் கால் உயிரோடு இருந்தது. நல்லா சோதிச்சேடி. அந்த வெள்ளைக்காரி பாதம் யாரையும் அறுக்கவில்லை.

சின்னபொண்ணு குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அங்கேயே நின்றபடி போனில் படிவத்தை எடுத்துவிட்டேன். இதுவரை இருபத்தாறு பேர் வாங்கியிருக்கிறார்கள். வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தேன்: செருப்பைக் கழற்றுங்கள், நின்று தாளில் வரையுங்கள், படம் அனுப்புங்கள்.

ஏப்ரல் 19, சனி

நேற்று பெரிய வெள்ளி, சகாயராஜ் கோயிலுக்குப் போய்விட்டார். இன்று இருவரும் வானூர் போனோம். தகர வீடு. கட்டைப் பிரித்தபோது அந்த வாடை. வெளியே போய் முருங்கை மரத்தடியில் வாந்தி எடுத்தேன். உள்ளே அவர் அந்தப் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

சண்டை போடுவார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். மகள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அது நியாயம். ஆனால் அந்த அம்மா செருப்பை எடுத்துக் காட்டி, தூக்கிப் போட மனசில்லை என்றாள். துடைத்து வைத்திருந்தாள்.

"நல்லா இருந்துச்சும்மா. ரொம்ப நாளைக்கப்புறம் காலு இருக்கறது தெரிஞ்சுச்சு."

நம்பர் கேட்டது நான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். புரிந்ததா தெரியவில்லை. மகளிடம் டீ போடச் சொன்னாள்.

ஏப்ரல் 22

மீதி இருபத்தைந்து பேரும் படம் அனுப்பிவிட்டார்கள். ஒன்பது பேருக்கு இறுக்கம். நல்ல வேளை, புண் இல்லை. ஒன்பது பேரும் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: நல்லா இருக்கு.

ஏப்ரல் 29

பாஞ்சாலியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எதை எடுப்பார்கள், எவ்வளவு எடுப்பார்கள், தெரியாது. அப்பா நான் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். அவர் காலைப் பார்க்க முடியவில்லை. இல்லாத காலைச் சொல்கிறேன்.

மே 11, ஞாயிறு

இந்த முறை கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களை வைத்தே எழுதினேன். முதல் நாள் நான்கு பேரில் மூன்று பேர் உட்கார்ந்தபடி வரைந்தார்கள். 'நில்லுங்கள்' என்பதைத் தனி வரியாக்கினேன். ஒருவர் பேனாவைச் சாய்த்ததில் பாதம் அரை விரற்கடை சுருங்கியது. 'பேனா செங்குத்தாக' என்பதற்கு யாரும் அசையவில்லை. சின்னபொண்ணு எட்டிப் பார்த்து, "நட்டமா புடின்னு போடுங்கக்கா" என்றாள். போட்டேன். காலையில் வரைந்தால் மாலை வீக்கத்துக்கு இடமிருக்காது, எனவே மாலையில். நம்பர் என்ற சொல் எங்கும் இல்லை. புண் இருந்தால் ஆர்டர் போக வழியே இல்லை, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று நின்றுவிடும்.

முதல் வரி: 'இதற்கு இருபது நிமிடம் ஆகும். கூட ஒருவர் வேண்டும்.'

பிரேம்குமார் எப்படியோ பார்த்துவிட்டுப் போன் செய்தான். "மொத வரியிலயே இருபது நிமிஷம்னு போட்டா எவன் மேடம் இருப்பான்? பாதியில ஓடிடுவான்."

மார்ச் மாதம் நான் சகாயராஜிடம் சொன்னதேதான். குரல்கூட என்னுடையது போலிருந்தது. போனை வைத்துவிட்டேன்.

மே 20

இரண்டு ஆர்டர். முன்பு வாரத்துக்கு ஏழெட்டு.

மே 27

மூன்று. மூன்றும் ஒழுங்காக நின்று வரைந்தவை.

ஜூன் 3, செவ்வாய்

கடை இல்லாத நாள். தளத்துக்கு ஒரு படம் வந்திருந்தது. வானூர், பாஞ்சாலி. பானுப்ரியாதான் வரைந்திருக்கிறாள். மாலை வெளிச்சம், தினசரித் தாள், ஓரத்தில் பள்ளிக்கூட ஸ்கேல். பேனாவை நட்டமாகத்தான் பிடித்திருக்கிறாள், கோடு எங்கும் உள்ளே சாயவில்லை. இடது பாதம் முழுசாக. வலது பாதத்தில் நான்கு விரலைச் சுற்றி வந்த கோடு, ஐந்தாவது இடத்தில் வளையாமல் நேராகக் குதிகாலுக்கு இறங்குகிறது.

ஒரு விரலை எடுத்ததோடு நின்றிருக்கிறது. கூப்பிட்டேன். ஆறிவிட்டதாம், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். பானுப்ரியா முதல் முறையாக முழு வாக்கியத்தில் பேசினாள். வழிமுறையில் நான் போட்டிருந்த மாதிரிப் படத்தை அம்மாவுக்குக் காட்டினாளாம். அழகான, ஐந்து விரல் பாதம், அருணாவுடையது. அம்மா சிரித்தாளாம்.

"இந்தக் காலப் பாத்தா யாருக்கு பயம் வரும், என்னுத போடச் சொல்லுன்னு சொல்லிக்கினு இருக்குதுங்க. பேரு மட்டும் போட வேணாமாம்."

அருணாவின் பாதத்தை எடுத்துவிட்டு இதை ஏற்றினேன். தாளும் ஸ்கேலும் விரலில்லாத அந்த நேர்கோடும், எந்தப் பேரும் இல்லாமல். பிறகு அப்பாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, என் தோளைப் பிடித்து நிற்கச் சொன்னேன். அவரைக் கடைக்குக் கூட்டிப்போனதே இல்லை; அவருடைய செருப்பு எத்தனையாவது நம்பர் என்று இவ்வளவு நாளும் நான்தான் கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.