மீன்கடை ஐஸ்

மே 5, திங்கள்
வெயில். பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு பாலத் தூண்கள், ஆள் உயர மாதிரிகள். என்னுடையது ஒரே வார்ப்பு. கூடப் படிக்கிற ஷமீமாவுடையது தனித்தனியாக வார்த்த மூன்று துண்டு. அடுக்கி, நடுவே கம்பிவடம் விட்டு இழுத்துக் கட்டுவது. நிலநடுக்கம் வந்தால் எது தாங்கும்? தாங்குவதைச் செய்தவள் சென்னைக் கருத்தரங்குக்கு. ஒருத்திதான்.

வருகிறவர்கள் எல்லாம் அவளுடையதைத்தான் பார்க்கிறார்கள். "உன்னது ஒப்பிட்டுப் பாக்கத்தானேம்மா" என்றார் லேப் அண்ணன். பிறகு, "அரியலூர்ல ஏதும்மா நிலநடுக்கம்? சிமெண்ட் லாரி போனாத்தான் ஆடும்."

சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

மே 6
ஷமீமாவின் துண்டுகளுக்கு இடையே கலவை ஊற்றும் நாள். இந்த வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும். தண்ணீரில் ஐஸ் போடுவது எங்கள் வழக்கம். எப்போதும் ஐஸ் வாங்கும் ஜூஸ் கடை பூட்டு. ஷமீமா மீன்கடையில் வாங்கி வந்துவிட்டாள்.

ஒரு துண்டை வாயில் போட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. உப்பு. மீன் கெடாமல் இருக்க ஐஸில் போடுவார்கள்.

உப்பு கம்பியை அரிக்கும்.

"ஏண்டி மூஞ்சியச் சுளிக்கிற?"
"பல்லு கூசுது."
கலக்கினாள்.

மே 7
பஸ்ஸில் நாவல் விரித்தபடியே இருந்தது. கதைகளில் பொறாமைக்காரர்கள் எவ்வளவு தெளிவாக இருக்கிறார்கள்!

சோதனையில் உப்பு தெரியாது. பாலத்தில், பல வருஷம் கழித்துத் தெரியும். இப்போது சொன்னால் இணைப்பை உடைக்க வேண்டும், அவளுக்குச் சோதனைத் தேதி போய்விடும், நான் சென்னைக்கு. சொல்வதுதான் சரி. சொல்ல ஆசையாகவும் இருக்கிறது. அதனால்தான் வாய் வரவில்லை.

தலைக்கு எண்ணெய் வாங்க வேண்டும்.

மே 15, வியாழன்
சோதனை. ஜாக் இரண்டு தூண்களையும் மாறி மாறி இழுத்துத் தள்ளியது. என்னுடையது அடியில் வெடித்துச் சிதறி, சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றுவிட்டது. அவளுடையது இணைப்பில் வாய் திறந்து, மூடி, ஜாக்கை விட்டதும் நேராக வந்து நின்றது. கைதட்டல்.

"டிக்கெட் போட்டுடும்மா" என்றார் சார், அவளிடம்.

அப்போது சொன்னேன். "சார், அந்த ஐஸ்ல உப்பு."

லேப் அண்ணன்: "இத்தன நாளா எங்கம்மா போயிருந்த?"

ஷமீமா தூணையே பார்த்தாள். "மீன்கடை ஐஸ்தான் சார். எனக்குத் தோணல. சென்னையிலயும் சொல்லிடறேன்." சார் தலையாட்டினார். அதையும் அவள் அழகாகத்தான் சொல்வாள். அதற்கும் கைதட்டுவார்கள்.

கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.
"அன்னைக்கே தெரியுமா?"
"தெரியும்."
குழாயை மூடினாள். "இப்பத்தான் தோணுச்சுன்னு சொல்லியிருக்கலாம்லடி."

என் தூணை நாளை உடைக்கிறார்கள். அவளுடையதை வாசலில் வைக்கப் போகிறார்களாம்.