எழுத்து வெளங்கலைங்கய்யா

இன்று மத்தியானம் பேரன் வயிறு உப்பி அழுகிறான் என்று மருமகள் ஓமவாட்டர் புட்டியைத் திறந்தாள். அந்த வாசனை வந்ததும் நான் இந்த வீட்டில் இல்லை.

டாக்டர் வீட்டு முன்கட்டில், மலைக்கோட்டை தெரிகிற ஜன்னலோரம், உன் தோள் உரச நின்றுகொண்டிருந்தேன். வெயில் புட்டிகளுக்குள் புகுந்து மேசை மேல் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடந்தது. நாம் இருவரும் ஒரே மாதத்தில் கம்பவுண்டர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பள்ளி இறுதி வரை படித்தவன். நீ வடமதுரையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் மருந்துச் சீட்டை என்னைவிட வேகமாக வாசிப்பவன் நீதான். கலக்கிய மருந்தை வெயிலில் தூக்கிப் பார்க்காமல் கொடுக்க மாட்டாய். உன் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் ஆடும். கனவு காண்கிறாயா என்று கேலி செய்தால், "செத்த இரு அப்பு, மருந்து என்னமோ சொல்லுது" என்பாய்.

ஒருநாள் சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்தாள். டாக்டர் எழுதிய சீட்டில் இருந்ததோ பெரியவர்களுக்கான அளவு. கவனிக்காமல் கலக்கப் போன என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாய். சீட்டோடு உள்ளே போய்த் தலையைச் சொறிந்தாய்.

"ஐயா, எழுத்து வெளங்கலைங்கய்யா."

டாக்டர் எரிச்சலோடு வாங்கிப் பார்த்தார். பேனா ஒரு கணம் நின்றது. அளவைத் திருத்திக் கொடுத்தார்.

"தப்புன்னு சொன்னா கோவம் வரும் அப்பு. வெளங்கலைன்னா இன்னொருக்கா பாப்பாரு" என்றாய் என்னிடம். அதன் பிறகு எத்தனையோ முறை உனக்கு எழுத்து விளங்காமல் போயிற்று.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. கம்பவுண்டர்கள் அரசாங்கத்தில் பதிந்துகொள்ள வேண்டும், பதியாதவர் மருந்து கலக்கக் கூடாது. நம்மைப் போன்றவர்களுக்கு இத்தனை வருஷம் வேலை பார்த்ததாக டாக்டர் சான்று எழுதினால் போதும். நீ புதுச் சட்டை தைத்துக்கொண்டாய். "கவர்மெண்டே நம்மள ஒரு ஆளா எழுதப்போவுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

டாக்டர் எனக்கு எழுதினார். உன் தாளை நகர்த்தி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை, மனதார நம்பித்தான் சொன்னார்: "இவனுக்கு என் எழுத்தே படிக்கத் தெரியாதுப்பா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். அதையே சாக்காக வைத்து மூடிக்கொண்டேன். என் தாளில் மை இன்னும் காயவில்லை, எனக்குப் பயம். அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

நீ புட்டி கழுவும் தொட்டிக்குப் போனாய். அடுத்த தப்புச் சீட்டு வந்தபோதும், தொட்டியருகிலிருந்தே எட்டிப் பார்த்து நீதான் முதலில் கண்டுபிடித்தாய். வழக்கம்போல் எழுந்த உன்னை உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போனேன்.

"டாக்டர், இதுல அளவு கூடுதலா இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பதிவு பெற்றவன் சொல்கிறான் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். திருத்தினார். திரும்பி வந்தபோது ஈரக் கையோடு நின்றிருந்தாய்.

"இம்புட்டுத்தானா அப்பு?" என்றாய். "இம்புட்டு லேசா?"

இன்று மருமகள் கையிலிருந்து புட்டியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டாள். உன்னைப் பற்றிச் சொன்னேன்.

"அவரு டாக்டருகிட்ட என்ன வேலை பாத்தாரு மாமா?"

"கம்பவுண்டர்" என்றேன். "என்னைவிட நல்ல கம்பவுண்டர்."

அன்றைக்கு டாக்டரின் மேசைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.