ஒரு தாங்கியில் போய்வரும் தூரம்

2025 யூன் 3, செவ்வாய்

ஸ்கூட்டர் இன்றும் பெற்றோல் தீர்ந்து அச்சுவேலிச் சந்தையடியில் நின்றுவிட்டது. வீடுவரை தள்ளினேன். சோளகக் காற்று எதிரே வந்து சட்டைக்குள் புகுந்து என்னை ஒரு பாய்க்கப்பல்போல ஊதிக்கொண்டிருந்தது. பெற்றோல் செற் முதலாளி கதிரையில் இருந்தபடியே, "என்ன மாஸ்டர், அடிச்சு விடவோ?" என்றார். இரண்டாயிரத்து இருபத்திரண்டில், பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில், நாங்கள் வரிசையில் காய்ந்துகொண்டு நிற்க, பின்பக்கத்தால் தன் ஆட்களுக்குக் கான் கானாய்ப் பெற்றோல் கொடுத்தவர் இவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளினேன்.

இனி இது சரிவராது. ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும். மலைபோல் பெரியது வேண்டாம், பொடியள் ஓடுகிறதுபோல் கத்துவதும் வேண்டாம். ஒருமுறை நிரப்பினால் யாருடைய முகத்தையும் பார்க்காமல் நெடுந்தூரம் போக வேண்டும். அவ்வளவுதான்.

யூன் 6, வெள்ளி

மகள் தர்சிகாவின் கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. ஆவணியில். மாப்பிள்ளை மயூரதனின் வீட்டார் சாவகச்சேரியிலிருந்து வந்து பலகாரம் சாப்பிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் உதயகலா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "திருகோணமலைக்கு ஆர் போய்ச் சொல்லுறது?"

என் மனைவிக்கு எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று நன்றாகத் தெரியும்.

திருகோணமலையில் இருப்பது என் தங்கை வதனி. மூன்று வருசமாய்க் கதைபேச்சு இல்லை. எங்கள் ஆட்களிடையே கலியாணத்தை வாயால் சொல்ல வேண்டும். வீடு தேடி வந்து, குங்குமம் நீட்டி, "கட்டாயம் வரவேணும்" என்று சொல்ல வேண்டும். அட்டை பிறகுதான். அவளோ தன் மகளின் கலியாணத்தைத் தாய்மாமனாகிய எனக்கு, பாலறுகு தலையில் வைத்து வாழ்த்த வேண்டிய எனக்கு, கைத்தொலைபேசியில் ஒரு படமாய் அனுப்பினாள். நேரில் வந்து சொல்லப் பெற்றோல் இல்லையாம். ஏன், பஸ் ஓடவில்லையோ? நான் போகவில்லை. போயிருக்கவும் கூடாது.

"அந்தப் படம் வரேக்கை நீங்களும் பெற்றோல் வரிசையிலைதானே நிண்டனீங்கள்," என்றாள் உதயகலா.

நின்றேன். அதற்கென்ன?

யூன் 9, திங்கள்

பள்ளிக்கூடத்துப் பழைய இலங்கை வரைபடத்தை மேசையில் விரித்தேன். பேராதனையில் புவியியல் படித்தவனுக்கு அதிபர் கதிரை கிடைக்கவில்லை, படங்களாவது கிடைத்திருக்கின்றன. உதவி அதிபராகவே நரைக்க வேண்டும் என்று மேலே யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். அது யார் என்றும் எனக்குத் தெரியும்.

நூலை வீதியின் வளைவுகளில் படியவைத்துத் தூரம் பார்த்தேன். ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, அங்கே இடப்பக்கம் திரும்பிக் காடுகளுக்குள்ளால் திருகோணமலை. சிறிய எஞ்சின் குறைவாய்க் குடிக்கும், ஆனால் அந்தத் தூரத்துக்கு என் இடுப்பு முறிந்துவிடும். நூற்றைம்பது சீசீ நல்லாய் ஓடும், நல்லாய்க் குடிக்கும். நடுவில் நூற்றிருபத்தைந்து. பெற்றோல் தாங்கி அகலமானதாய்ப் பார்த்து எடுத்தால் போய்வரக் காணும், போதும். மட்டுமட்டாய்க் காணும்.

கணக்குச் சரிவந்தபோது உடம்பில் ஏதோ இளகியது. நூல் படத்தின்மேல் கிடந்தது, காற்றில் அசைந்தது, வீதி அசைவதுபோல இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் திருகோணமலையை அளந்தேன்?

யூன் 10, செவ்வாய்

சரி. எழுதிவிடுகிறேன். நானே போய்ச் சொல்லப்போகிறேன். படியில் நின்று சொல்லிவிட்டுத் திரும்புவேன். ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். அவளுடைய ஊரில் ஒரு லீற்றர் பெற்றோலும் அடிக்க மாட்டேன். கொண்டுபோன எண்ணெயிலேயே வீடு வந்து சேருவேன். கலியாணம் சொல்வது இப்படித்தான் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும்.

யூன் 13, வெள்ளி

ஆசிரியர் அறையில் நான் மோட்டார் சைக்கிள் பற்றிக் கதைத்ததற்கு நதானியேல் மாஸ்டர் காதைக் கொடுத்துவிட்டார். கணிதம் படிப்பிக்கிற ஆள். நான் தாங்கியைப் பற்றி மட்டும் பேசுவதைக் கவனித்திருக்கிறார்.

"உமக்கு மோட்டச்சைக்கிள் வேணுமோ, பெற்றோல் பவுசர் வேணுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சர்மாரும். மறக்க மாட்டேன்.

யூன் 15, ஞாயிறு

மத்தியானம் மாம்பழம் தின்ற கண்ணயர்வில் கனவு. ஆனையிறவில் ஓடிக்கொண்டிருக்கிறேன். எஞ்சினில் சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் நீரேரி, வெள்ளையாய், வானம் எது தண்ணீர் எது என்று தெரியாமல். தாங்கிக்குள் ஏதோ அலை அடிக்கிறது, அதுவும் அந்த நீரேரிதான் என்று கனவில் எனக்குத் தெரிகிறது. குறையவே குறையாது. பின்சீற்றில் ஒரு பாரம். யாரோ இருக்கிறார்கள். திரும்பிப் பார்க்க ஆசை, ஆனால் திரும்பினால் கைப்பிடி ஆடிவிடும். யார் என்று தெரியாமலே விழித்தேன்.

யூன் 18, புதன்

சாவகச்சேரியில் மோட்டார் சைக்கிள் கடைக்குப் போனேன். விற்பனைக்கு நின்றவள் தேவமலர், என்னிடம் படித்தவள். "சேர், அண்டைக்கு வகுப்பிலை என்னை வாங்கு மேலை ஏத்தி நிப்பாட்டினனீங்கள், ஞாபகமோ?" என்று சிரித்தாள். ஞாபகமில்லை என்றேன். ஞாபகம்தான்.

இரண்டைக் காட்டினாள். நீலம் ஒன்று, சீற் நீளமாய்த் தட்டையாய், மெத்தென்று. தாங்கி சிறியது. மற்றது கறுப்பு. தாங்கி எருமை முதுகுபோல் அகலம். பின்சீற் மட்டும் குட்டையாய், பலகைபோல. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். இருட்டு. விரலால் தட்டினேன், கோயில் மணி ஓய்ந்த பிறகு கேட்பதுபோல ஒரு ஒலி.

"சேர், ஆர் பின்னாலை இருக்கப்போயினம்? அவையையும் கூட்டிக்கொண்டு வந்து இருத்திப் பாருங்கோவன்."

"பின்சீற் எனக்கு முக்கியமில்லை," என்றேன்.

யூன் 20, வெள்ளி

உதயகலாவும் அதையே கேட்கிறாள். "பின்சீற் எப்பிடி?"

"உமக்கு என்னத்துக்கு? முழங்கால் நோ எண்டு சந்தைக்கே வாறேல்லை."

"ஓம்," என்றாள்.

அவளுடைய ஓம்களில் எத்தனையோ வகை உண்டு. இது எந்த வகை என்று பிடிபடவில்லை.

யூன் 25, புதன்

கறுப்பை எடுத்தாயிற்று. பிள்ளையார் கோயிலடியில் ஐயர் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார், நசித்துக்கொண்டு ஏறினேன். உதயகலா பின்னால் இருந்து வீடுவரை வந்தாள். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பெற்றோல் அளவு காட்டும் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூன் 29, ஞாயிறு

காங்கேசன்துறை வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். ஊசி அசையவேயில்லை. என்ன இனிமை!

யூலை 5, சனி

நாளை போகிறேன். வேறோர் ஊரில் போய் வாய்மட்டம் வரை நிரப்பிக்கொண்டு வந்தேன். உதயகலா குங்குமச் சிமிழையும் அட்டையையும் ஒரு பையில் கட்டித் தந்தாள்.

"ஒற்றையாவோ போறியள்?"

"நான் என்ன பச்சைப்பிள்ளையே? கவனமாப் போவன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பைக்கு இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

யூலை 6, ஞாயிறு, திருகோணமலை

இந்தக் கொப்பியை ஏன் கொண்டுவந்தேன்? அன்றைக்கே திரும்புகிறவனுக்குக் கொப்பி எதற்கு?

விடியும்போது ஆனையிறவு. கனவில் கண்டது போலவே வெள்ளை. ஆனால் எஞ்சின் சத்தம் போட்டது, நல்ல சத்தம். கூடவே ஒரு ஆள் கதைத்துக்கொண்டு வருகிற மாதிரி. காற்று எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனங்களையும்போல நானும் நின்று தேங்காய் உடைத்தேன். வவுனியா கடந்தபின் காடு. நிழலும் வெயிலும் மாறி மாறி வீதியில் பாய் விரித்திருந்தன. எவர்மேல் என்ன கோபம் என்று நினைத்துப் பார்த்தேன், பெயர்கள் வரவில்லை. பயந்துபோய் ஒவ்வொன்றாய் ஞாபகப்படுத்திக்கொண்டேன்.

வதனி கையில் மாவோடு வாசலுக்கு வந்தாள். மெலிந்துவிட்டாள். நான் படியில் நின்றபடியே, பாடமாக்கி வைத்ததைச் சொன்னேன்: "தர்சிகாவுக்கு ஆவணியிலை கலியாணம். கட்டாயம் வரவேணும்."

அவள் என்னைத் தாண்டி வீதியைப் பார்த்தாள். "அண்ணி எங்கை?"

"வரேல்லை."

"அண்ணை, ஒற்றையாவோ வந்து கலியாணம் சொல்லுறியள்?"

நான் பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"ஒற்றையா வந்து சொல்லுறது செத்தவீடு. புருசனும் பெண்சாதியும் வந்து சொன்னாத்தான் கலியாணம். நான் படமாவது முழுசா அனுப்பினனான். நீங்கள் பாதியைத்தானே கொண்டுவந்திருக்கிறியள்?" குரல் உடைந்தது, ஆனால் உதடு சிரித்தது. "அப்ப எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை."

உள்ளேயிருந்து அவளுடைய புருசன் கனகரட்ணம்: "வதனி, மச்சானை முதல்லை உள்ளை எடு. படியிலை வைச்சே தீர்ப்புச் சொல்லாதை."

முழங்கால் நோ உள்ளவளை ஏன் கூட்டிவரவில்லை என்று யாரிடம் சொல்வது? தாங்கியைத் தட்டிப் பார்த்தேன், சீற்றைத் தட்டிப் பார்க்கவில்லையே.

தண்ணீர் குடித்தேன். இரண்டு செம்பு.

சாப்பிட்டபின் கனகரட்ணம், "ஒரு சுத்து ஓடிப் பாக்கிறன், மச்சான்," என்று வண்டித் திறப்பை வாங்கிக்கொண்டு போனார். வெகுநேரம் வரவில்லை. வதனி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். தாச்சியைப் பார்த்தபடியே, ஒரு சின்ன விசயம்போலச் சொன்னாள்:

"அண்டைக்குப் பிள்ளைக்குப் பாலறுகு வைக்கேக்கை ஐயர் கேட்டவர், தாய்மாமன் எங்கையெண்டு."

"என்ன சொன்னனி?"

"அண்ணைக்குப் பெற்றோல் கிடைக்கேல்லை எண்டு சொன்னன்."

எண்ணெய் சளசளவென்று பொங்கியது. நான் வடையை எடுத்தேன், சுட்டது, வைக்கவுமில்லை. எனக்காக அவள் சொன்ன அதே சொல்லைத்தானே எனக்கும் அனுப்பினாள்? எனக்கு மட்டும் அது ஏன் போதாமல் போனது? ஐயருக்குப் போதுமாயிருந்ததே.

இன்று இங்கேயே படுக்கிறேன். கடல் கேட்கிறது.

யூலை 7, திங்கள்

காலையில் திறப்பைத் திருப்பினால் ஊசி உச்சியில் நிற்கிறது. தாங்கி நிரம்பி மூடியில் பெற்றோல் மணக்கிறது. கனகரட்ணம் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. ஒரு தாங்கியில் போய்வரக் காணுமா இல்லையா என்று இனி எப்படித் தெரியும்? எல்லாக் கணக்கையும் கெடுத்துவிட்டாரே மனுசன்!

"ஆடி பிறக்க முதல் அண்ணியோடை வந்து சொல்லுங்கோ," என்று வதனி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லாட்டி வரமாட்டன். நான் ஆரின்ரை தங்கச்சி?"

திரும்பும்போது காற்று முதுகில். வண்டி தானாய் மிதந்து வந்தது.

யூலை 9, புதன்

பெற்றோல் செற் முதலாளி கதிரையிலிருந்து கையைக் காட்டினார். அவரை மன்னிப்பதாயில்லை. நதானியேலையும்.

சீற் தைக்கிறவரிடம் உதயகலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பின்சீற்றை நீட்டி, உள்ளே புதுப் பஞ்சு வைத்து, மேலே றெக்சின் போட்டிருந்தார். அவள் சீலையைச் சரிசெய்து ஏறி இருந்து, ஒருதரம் மெல்லத் துள்ளிப் பார்த்து, என் தோளில் கையை வைத்தாள்.

"எப்பிடி?" என்றேன், திரும்பாமல்.

"இருக்கலாம்," என்றாள். பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இருந்தாள். "திருகோணமலை வரைக்கும் இருக்கலாம்."