மூன்றாம் சரணத்தில் கரண்ட் போனது

ஜூலை 8, செவ்வாய்

புகைமூட்டம். சுமத்ராவில் காட்டை எரிக்கிறார்கள், கிள்ளானில் நாம் இருமுகிறோம். துணியெல்லாம் வீட்டுக்குள் காய்கிறது.

வேலை: மெல்பர்ன் போகும் குடும்பம் ஒன்று. இரண்டு லோரி சாமான். பட்டியலில் ஒரு பெட்டிக்கு எதிரே 'பழைய சாமான்' என்று மட்டும். என்ன பழைய சாமான்? திறக்கச் சொன்னேன். மரப் பெட்டி, அடியில் பூச்சி அரித்த துளை. அந்த அம்மாவுக்குக் கோபம். "அங்கிள், இது எங்க மாமியாரோடது. இவ்ளோ பாப்பீங்களா?" ஆஸ்திரேலியாக்காரன் இதைவிடப் பார்ப்பான் என்றேன். பிறர் வீட்டை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் பட்டியல் சரிபார்ப்பது என் வேலை. அடுத்த மாதம் என் வீடும் பெர்த்துக்குப் போகிறது. எங்கள் போஸ் (சீன முதலாளி) இன்னும் நம்பவில்லை. "நீ போகமாட்டாய்" என்கிறான் மலாயில். சீனனுக்கு எப்படித் தெரியும்?

சாப்பாட்டு நேரத்தில், இணையத்தில் நான் நடத்தும் பிளாக்குக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு வரி. லோரி வந்துவிட்டது.

மாலை போதகர் போன். பிரியாவிடை 20ஆம் தேதி, ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில். பிரியாணி. "அங்கிள் ரெண்டு வார்த்தை பேசணும்." என்ன வார்த்தை என்று தெரியும். நம் சபையை விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் மைக்கைப் பிடித்து அதே மூன்றைத்தான் சொல்வார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சபைக்கு நன்றி. யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள். முதல் இரண்டுக்கு யாரும் காது கொடுப்பதில்லை. என் விஷயத்தில் மூன்றாவதற்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.

முதல் இரண்டும் சொல்வேன். மூன்றாவது கிடையாது.

மனைவி ரெஜியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "சாலமனுக்காகவாவது சொல்லுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அவளுக்கும் தெரியும். அதுதான் வேடிக்கை.

ஜூலை 9, புதன்

பிளாக்கில் போட முடியாதது. இங்கே ஒரு முறை எழுதி வைக்கிறேன்.

நான் படித்தது கேரி தீவுத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. மற்றதெல்லாம் பேப்பரும் பைபிளும் கற்றுக் கொடுத்தவை. பன்னிரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் சபையில் நடந்ததை எழுதுகிறேன். நான் பேனாவால் எழுதுவேன், ரெஜி டைப் செய்து போடுவாள். எனக்குக் கண்ணில் புரை, அந்தச் சின்ன எழுத்தெல்லாம் ஆகாது.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு டிசம்பர் ஞாயிறு. சபைச் செயலாளர் சாலமன் தனிப்பாடல் பாடினார். நான் எழுதியது இவ்வளவுதான்: 'மூன்றாம் சரணத்தில் கரண்ட் போனது. பாடல் பாதியில் நின்றது.'

ரெஜி டைப் செய்யும்போது இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிட்டு இப்படிப் போட்டாள்: 'ஜெபத்துக்குப் பதில் கிடைப்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.'

எனக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை வாசிக்கவில்லை. மறுநாள் காலை துறைமுகத்தில் ஒருவன் என் கையைப் பிடித்துக் குலுக்கியபோதுதான் தெரிந்தது. ஈப்போ, சிரம்பான் வரை வாட்ஸ்அப்பில் ஓடியது. வீட்டுக்கு வந்து கேட்டேன். "சும்மா விளையாட்டுக்குப் போட்டேங்க. எடுத்துடறேன்" என்றாள். எடுக்காதே என்றேன். போட்டதைப் பின்வாங்கும் வழக்கம் நமக்கு இல்லை.

விளைவு:
– கமிட்டி என்னைக் கூப்பிட்டு விசாரித்தது.
– வேதபாடம் வாசிப்பவர் பட்டியலிலிருந்து என் பெயர் போனது. இன்றுவரை இல்லை.
– சாலமன் பாடகர் குழுவை விட்டார். எல்லாரும் பாடும்போதும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்.
– என்னோடு பேச்சில்லை.

அடுத்த ஞாயிறு சபையிலேயே கை கொடுத்துப் பாராட்டியவர்களும் நிறையப் பேர். யார் எழுதியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் சொல்வதில்லை.

ஆக, வரி அவளுடையது. பழி என்னுடையது. மன்னிப்பும் நானே கேட்க வேண்டுமாம். "நீயே கேளேன்" என்றேன். அடுப்பை அணைக்கப் போனாள். சபையில் மாதர் ஐக்கியத் தலைவி அவள்.

ஜூலை 11, வெள்ளி

புகை குறைவு. முட்டி வலி அதிகம்.

பெர்த்திலிருந்து மகள் ஷீலா போன். "அப்பா, இங்க தமிழ் சர்ச்ல எல்லாரும் ரொம்ப நல்லவங்க. இங்க வந்து பிளாக்ல அவங்களப் பத்தி எழுதாதீங்க, ப்ளீஸ். தோட்டம் பத்தி எழுதுங்க. அம்மா சமையல் பத்தி எழுதுங்க."

"நல்லவங்கன்னா எழுதினா என்ன பயம்?"

"போன அம்மாகிட்ட குடுங்க."

எடுத்துப்போவது: தையல் மெஷின், பைபிள்கள், என் பேனாக்கள், ரெஜியின் ஆட்டுக்கல் (வேண்டாமென்றேன், கட்டியாயிற்று). விட்டுப்போவது: அலமாரி, மீன்தொட்டி, மேல்வீட்டுக்காரன் சத்தம். போன குருத்தோலை ஞாயிற்றின் ஓலைச் சிலுவையை அவள் பைபிளுக்குள் வைத்திருந்தாள். காய்ந்த ஓலையை ஆஸ்திரேலியாக்காரன் உள்ளே விடமாட்டான். எடுத்து வெளியே வைத்தேன். மாலையில் பார்த்தால் மறுபடி உள்ளே.

ஜூலை 12, சனி

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு. ரெஜி தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்க என்னை அனுப்பினாள். கடைக்காரி: "அங்கிள், ஆன்டிய பாத்து எத்தனை நாளாச்சு! ஆஸ்திரேலியா குளிருக்கு இந்தக் கை பத்தாது லா." முழங்கை வரை வைத்திருக்கலாமாம். என்னிடம் ஏன் சொல்கிறாள்?

வாழையிலைச் சாப்பாடு. ரசம் நன்று. கூட்டம் அதிகம்.

திரும்பும்போது கொமுட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கதவு மூடும் நேரம் ஒருவர் ஓடிவந்து ஏறி, எதிர் இருக்கையில் விழுந்தார். சாலமன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டோம். எழுந்து போக வேறு இடமில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜன்னல்.

சுபாங் தாண்டியதும் பக்கத்தில் ஒரு பெண் கைப்பேசியில் ஏதோ பழைய பாட்டு வைத்தாள். சாலமன் கண்ணைத் திறக்காமல் முனக ஆரம்பித்தார். முதலில் மூக்கால். அப்புறம் வார்த்தையும் வந்தது. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். ஷா ஆலமில் வண்டி குலுங்கி நின்றது. கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். பாட்டு நின்றது. கூட்டத்தில் பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவரைப்போல வாயைத் தொட்டுக்கொண்டார்.

கிள்ளானில் அவர் முதலில் இறங்கினார்.

ரெஜியிடம்: "சாலமனப் பாத்தேன்."

"பேசினீங்களா?"

"இல்ல. பாடினார். என்னப் பாத்ததும் நிறுத்திட்டார்."

ரவிக்கையைப் பிரித்துக்கொண்டிருந்தவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அளவு சரியா என்று இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பிரசங்கம் நீளம். பவுல் போன ஊர்களின் வரிசை தவறு. குறித்துக்கொண்டேன்.

கார் நிறுத்துமிடத்தில் காதில் விழுந்தது. இரண்டு பேர், நான் தூணுக்குப் பின்னால்.

"அங்கிள் போனா சபைக்கு நிம்மதி லா."

"என்னா நிம்மதி? ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்புறம் எதைப் படிக்கிறது? நீ எழுதுவியா?"

"உன்னப் பத்தி அவர் எழுதலல்ல, அதான் பேசற."

மத்தியானம் எழுதி முடித்து ரெஜியிடம் கொடுத்தேன். வாங்கவில்லை.

"இருபதாம் தேதி அந்த வார்த்தைய சொல்றேன்னு சொல்லுங்க. டைப் பண்றேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. அந்த மனுசன் ஏழு வருசமா வாயத் திறக்கல. அத அப்படியே விட்டுட்டு என்னால பிளேன் ஏற முடியாது."

"போட்டது நீ."

"ஊருக்கு அது நீங்க."

பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஞாயிற்றுக்கிழமைப் பதிவு இல்லை.

ஜூலை 16, புதன்

மழை. புகை போயிற்று.

போஸ் ஒருவழியாக நம்பிவிட்டான். என் இடத்துக்கு ஆள் பார்க்கிறானாம். வந்த முதல் ஆள் பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். பிழைத்துக்கொள்வான்.

அலுவலகக் கணக்குப் பெண் கவிதாவிடம் ஞாயிற்றுப் பதிவைக் கொடுத்து, டைப் செய்து போடச் சொன்னேன். இந்துப் பெண், சபை தெரியாது, ஆனால் தவறாமல் படிப்பவள். கோப்பி குடித்துக்கொண்டே படித்தாள்.

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. இதுல ஒண்ணும் இல்லயே? பவுல் இந்த ஊருக்குப் போனாரு, அந்த ஊருக்குப் போகலன்னு ரெண்டு பக்கம் இருக்கு."

"உண்மை அதுதான்."

"ஆமா. ஆனா அந்தக் கரண்ட் போன போஸ்ட் மாதிரி ஒண்ணு எழுதுங்களேன். எங்கம்மா இன்னும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். டைப் செய்ய வேண்டாம் என்றேன்.

ஜூலை 19, சனி

பெட்டி கட்டும் ஆட்கள் வந்தார்கள். என் கம்பெனி ஆட்கள்தான். என் பட்டியலை நானே சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

ரெஜி நாள் முழுவதும் கட்டிய பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கோபம் இல்லை, பயந்த முகம். கஞ்சி வைத்தாள். நாளை நான் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சபையின் மடக்கு நாற்காலி இரண்டு நம் வீட்டில் கிடக்கின்றன. எந்த ஜெபக்கூட்டத்துக்கு வந்தவை என்று தெரியவில்லை. திருப்ப வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். மண்டபம் நிறைய ஆட்கள். எனக்காக இத்தனை பேர் வந்ததில்லை. பிரியாணி வாசனை முதல் ஜெபத்திலேயே வந்துவிட்டது.

பொன்னாடை போட்டார்கள். சாலமன் கடைசி மேஜையில், தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டு.

மைக் வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். சபைக்கு நன்றி சொன்னேன். அப்புறம் நிறுத்தினேன். ஒருவர்கூட இருமவில்லை. போதகர் தலையை மெல்ல ஆட்டி ஆட்டி எனக்குத் தைரியம் கொடுத்தார். "அவ்வளவுதான்" என்று மைக்கை நீட்டினேன்.

அதை ரெஜி வாங்கினாள்.

மைக் அவள் வளையலில் பட்டுச் சத்தம் போட்டது. "அந்தக் கரண்ட் வரிய எழுதுனது இவரு இல்ல. டைப் பண்றப்ப நான் சேத்தேன். சாலமன் தம்பி, என்ன மன்னிச்சிருங்க."

மாதர் ஐக்கியம் மொத்தமும் வாயைப் பிளந்தது. நான் அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

சாலமன் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மைக் இல்லாமலே கேட்டது. "அக்கா, அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"அண்ணே எழுதுனா ஆதாரத்தோட எழுதுவாரு. சிரிப்பு வராது."

மண்டபம் சிரித்தது. போதகர் சிரித்தார். சமையல்காரனும் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தான்.

எழுந்து நின்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். "தெரிஞ்சுமா ஏழு வருஷம் என்கிட்ட பேசல?"

"அக்கா விளையாட்டுக்கு எழுதுனாங்க. ரெண்டு நாள் அழுதேன், போச்சு." தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க எழுதவே இல்லண்ணே. ஆனா எல்லாரும் கை குடுத்தப்ப வாங்கிக்கிட்டீங்கல்ல? நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ பிரியாணி ஆறுகிறது என்றார்கள்.

சாப்பிட்டேன். உப்பு கம்மி. ரெஜியைச் சுற்றிப் பெண்கள். அழுதாள், சிரித்தாள், இரண்டு தட்டு சாப்பிட்டாள். வண்டியில் வரும்போது அவளாக, "உங்க தாளக் குடுங்க, டைப் பண்றேன்" என்றாள். கொடுக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

விடுப்பு. லேசான தூறல்.

காலையிலிருந்து யோசித்தது: அன்று கை கொடுத்தவர்கள் யார் யார். முகம் ஒன்றும் நினைவில்லை. நன்றாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

சாலமன் சொன்னது சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக ரெஜி நினைக்கிறாள். ஒப்புக்கொள்ளவில்லை. தவறு என்றும் சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மாலை ஆறு மணிக்கு மேல் சாலமன் வீட்டுக்குப் போன் செய்தேன். நாற்காலிகளை எங்கே கொண்டு வைப்பது என்று கேட்கத்தான். போதகரைக் கேட்டிருக்கலாமே என்றாள் ரெஜி. நாற்காலிக்குச் செயலாளர்தான் பொறுப்பு.

அவர் மனைவி எடுத்தாள். "அண்ணே! அவரு குளிக்கிறாரு. கூப்பிடவா?"

தண்ணீர்ச் சத்தம். அதற்கு மேலே சாலமன் குரல். முழுத் தொண்டையில் பாடிக்கொண்டிருந்தார். சுருதி எங்கோ, பாட்டு எங்கோ. அன்றைக்கும் இப்படித்தான்.

"வேண்டாம்மா. கூப்பிடாத" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.