காலியாக இருந்த கட்டம்

பாஸ்டன்,
பிப்ரவரி, 1984

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று அலுவலகத்தில் ஒரு கூத்து. மீன்பிடிப் படகுகளைக் கண்காணிக்கும் எங்கள் கணினி நிரலை நிறுத்தவே கூடாது; ஓட ஓடத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு படகின் பதிவிலும் 'கரை திரும்பியதா?' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். பழைய பதிவுகளில் அது காலியாக இருந்தது. காலி என்றால் 'இல்லை' என்று கணினி எடுத்துக்கொண்டது. துறைமுகத்தில் கட்டிக் கிடந்த படகுகளெல்லாம் தொலைந்தவை ஆகிவிட்டன. மீட்புக் குழுவினர் பதறிப்போய்ப் போன் செய்தார்கள்.

"எல்லாத்துலயும் 'ஆமா'ன்னு போட்டு விடு, லொரெய்ன். வீட்டுக்குப் போலாம்," என்றார் உடன் வேலை செய்யும் டுவைட்.

"நிஜமாவே வராத படகு ஒண்ணு இருந்தா?"

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். 'தெரியவில்லை' என்று மூன்றாவதாக ஒரு பதிலைச் சேர்த்து, பழைய பதிவுகளிலெல்லாம் அதையே நிரப்பினேன்.

ஹாலிஸ் சித்தப்பா அப்பாவுக்குக் கல்லறைக் கல் நட அவசரப்படுகிறாராமே. அப்பாவின் படகு என்ன ஆனதென்று இன்னும் யாருக்கும் தெரியாது. பொறுக்கச் சொல்லுங்கள்.

இங்கே குளிர் அதிகம். என் கம்பளிக் கையுறையை அனுப்புங்கள். அப்பாவுடையது வேண்டாம், வந்தால் தேடுவார்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

லொரெய்ன்